எம்பி4 என்று பெயர் இருந்தும் வீடியோ ஏன் ஓடுவதில்லை?

வீட்டு விழாவைக் கைப்பேசியில் படம்பிடித்து, கணினியில் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து முடித்தவர்கள் பலர் கடைசிப் படியில் தடுமாறுகிறார்கள். சொந்தக் கணினியில் ஒழுங்காக ஓடிய கோப்பு, உறவினர் வீட்டுத் தொலைக்காட்சியில் பென் டிரைவைச் செருகியதும் ‘இந்த வடிவத்துக்கு ஆதரவு இல்லை’ என்று நின்றுவிடுகிறது. சில வீடுகளில் படம் வருகிறது, ஒலி வருவதில்லை. ஓடிய கோப்பும் ஓடாத கோப்பும் ‘.எம்பி4’ என்றே முடிவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. எல்லா இடத்திலும் ஓடக்கூடிய கோப்பு என்றால் என்ன, அதை உருவாக்க எக்ஸ்போர்ட் திரையில் எவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் அவற்றை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

திட்டக் கோப்பு வீடியோ ஆகாது

முதலில் ஒரு பிழையை ஒதுக்கிவிட வேண்டும். கேடென்லைவ், ஷாட்கட், பிரீமியர் போன்ற எந்தப் படத்தொகுப்பு மென்பொருளிலும் ‘சேவ்’ செய்தால் கிடைப்பது திட்டக் கோப்பு. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எங்கே வெட்டப்பட்டது, எந்தப் பாட்டு எவ்வளவு சத்தத்தில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும், படம் இருக்காது. ஒரு மணி நேர வீடியோவுக்கு உரியதாகச் சொல்லப்படும் கோப்பு சில நூறு கிலோபைட் மட்டுமே இருந்தால், அது சமையல் குறிப்பு, சமைத்த சாப்பாடு அல்ல. எக்ஸ்போர்ட் அல்லது ரெண்டர் என்ற கட்டளையைக் கொடுத்த பிறகுதான், மென்பொருள் அந்தக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு ஃபிரேமாக (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனித்தனிப் படம்) வரைந்து, சுருக்கி, ஒரே வீடியோக் கோப்பாக எழுதுகிறது.

பெட்டி வேறு, உள்ளடக்கம் வேறு

வீடியோக் கோப்பை ஒரு பெட்டியாகக் கொள்ளலாம். எம்பி4, எம்ஓவி, எம்கேவி, ஏவிஐ ஆகியவை பெட்டிகளின் பெயர்கள். படம், ஒலி, வசனவரி ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களாக ஒரே கோப்பில் அடுக்கி, எந்த நொடியில் எது வர வேண்டும் என்ற அட்டவணையையும் சேர்த்து வைப்பது பெட்டியின் வேலை. உள்ளே இருக்கும் படத்தையும் ஒலியையும் சுருக்குவதும் விரிப்பதும் கோடெக்கின் வேலை. எச்.264, எச்.265, ஏவி1 ஆகியவை படத்துக்கான கோடெக்குகள். ஏஏசி, எம்பி3, ஏசி3 ஆகியவை ஒலிக்கானவை.

எம்பி4 பெட்டிக்குள் எச்.264 படத்தையும் வைக்கலாம், எச்.265 படத்தையும் வைக்கலாம். தொலைக்காட்சிக்கு முதலாவதை மட்டும் விரிக்கத் தெரிந்திருந்தால், இரண்டாவது கோப்பு அதற்குத் திறக்கத் தெரிந்த பெட்டிக்குள் இருக்கும் புரியாத பொருளாகிவிடும். கோப்பின் பெயரில் ‘.எம்கேவி’ என்பதை அழித்து ‘.எம்பி4’ என்று எழுதுவதால் உள்ளே எதுவும் மாறுவதில்லை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு மட்டும் பொய்யாகிறது.

எம்பி4 பெட்டி 2003ஆம் ஆண்டு சர்வதேசத் தரமாக வெளியானது. ஆப்பிள் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த குவிக்டைம் வடிவமே அதற்கு மூலம். எம்ஓவி, எம்பி4 இரண்டும் உறவுக்காரப் பெட்டிகள் என்பதும், ஐபோனில் பிடித்த எம்ஓவி கோப்பைப் பல இடங்களில் சிரமமின்றித் திறக்க முடிகிறது என்பதும் இதனால்தான்.

இந்தப் பெட்டியின் அட்டவணை குறித்து ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பொதுவாக எம்பி4 கோப்பில் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. எக்ஸ்போர்ட் 98 விழுக்காட்டில் இருக்கும்போது மின்சாரம் போனால், பல ஜிகாபைட் எழுதப்பட்டிருந்தும் அந்தக் கோப்பு திறக்காது. உள்ளே எல்லாம் இருக்கிறது, எது எங்கே என்று சொல்ல ஆளில்லை. திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளைப் பயன்படுத்துவோர், பாதியில் நின்றாலும் திறக்கக்கூடிய எம்கேவி பெட்டியில் பதிந்துவிட்டுப் பிறகு எம்பி4க்கு மாற்றுவதற்கு இதுவே காரணம். இணையத்தில் ஏற்றப்போகும் கோப்புக்கு ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்’ அல்லது ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற குறியை இட்டால், அட்டவணை முன்பக்கத்துக்கு நகர்த்தப்பட்டு, முழுக் கோப்பும் இறங்குவதற்கு முன்பே படம் ஓடத் தொடங்கும்.

சுருக்கம் எப்படி நடக்கிறது

1920க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு ஃபிரேமில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் என்றால் ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 6.2 மெகாபைட். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 155 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிகாபைட். இதே ஒரு மணி நேரத்தை நொடிக்கு 8 மெகாபிட் என்ற பிட்ரேட்டில் (ஒரு நொடிக்குச் செலவிடும் தரவின் அளவு; 8 பிட் ஒரு பைட்) எச்.264 ஆகச் சுருக்கினால் 3.6 ஜிகாபைட்டில் அடங்கிவிடுகிறது. நூற்றைம்பதில் ஒரு பங்குதான் எஞ்சுகிறது.

கோடெக் இதைச் சாதிப்பது முக்கியமாக ஒரே ஒரு கவனிப்பால். மேடையில் மணமக்கள் அமர்ந்திருக்க, முக்காலியில் நிற்கும் கேமரா அசையாமல் படம்பிடிக்கும்போது, அவர்களுக்குப் பின்னால் உள்ள பூ அலங்காரம் ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்த ஃபிரேமுக்கு மாறுவதே இல்லை. முழுப் படத்தையும் அவ்வப்போது ஒருமுறை எழுதிவிட்டு, இடையில் வரும் ஃபிரேம்களில் எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் கோடெக் எழுதுகிறது. முழுதாக எழுதப்படும் ஃபிரேமுக்குக் கீஃபிரேம் என்று பெயர்.

இந்த வழியின் பலவீனம் தாலி கட்டும் நொடியில் வெளிப்படும். கெட்டிமேளம் கொட்ட, நாலா பக்கமிருந்தும் அட்சதையும் பூவிதழும் பறக்கும்போது, திரையின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுகிறது. முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லாத நிலையில், ஒதுக்கப்பட்ட பிட்ரேட் போதாமல் படம் சதுரம் சதுரமாக உடைகிறது. வீடியோ முழுவதிலும் தெளிவாக இருக்க வேண்டிய அந்தப் பத்து நொடிகள்தான் கலங்கிப் போகின்றன. இதற்காகவே நிலையான பிட்ரேட்டை விட மாறும் பிட்ரேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அசைவற்ற காட்சிகளில் மிச்சம் பிடித்ததைக் கோடெக் இத்தகைய நொடிகளுக்குச் செலவிடும். ‘டூ பாஸ்’ என்ற வாய்ப்பு இருந்தால், முதல் சுற்றில் காட்சிகளை அளந்து இரண்டாம் சுற்றில் பங்கிட்டுக் கொடுக்கும். எக்ஸ்போர்ட் நேரம் கூடும், ஆனால் கோப்பின் அளவும் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இன்னமும் எச்.264தானா?

எச்.264 முறையும் 2003இல் வெளியானதே. அதற்குப் பின் 2013இல் வந்த எச்.265, ஒப்பிடத்தக்க தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரக்கூடியது. 2018இல் வந்த ஏவி1 இன்னும் திறமையானது, உரிமைத்தொகையும் கேட்காதது. இருந்தும் பிறருக்குக் கொடுக்கும் கோப்புக்கு இருபதாண்டு கடந்த எச்.264ஐயே பரிந்துரைக்க வேண்டியுள்ளது. கைப்பேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி ஆகியவற்றின் சில்லுகளில் கோடெக்கை விரிக்கும் சுற்று தயாரிப்பின்போதே பதிக்கப்படுகிறது. பிறகு சேர்க்க முடியாது. 2012இல் வாங்கிய தொலைக்காட்சிக்கு ஏவி1 ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதே தொலைக்காட்சிக்கு எச்.264 அநேகமாகத் தெரியும்.

எச்.265க்கு இன்னொரு தடையும் உண்டு. அதன் காப்புரிமைகள் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களிடம் சிதறிக் கிடப்பதால், உரிமைத்தொகை யாருக்கு எவ்வளவு என்ற சிக்கல் நீண்டகாலம் நீடித்தது. விண்டோஸ் கணினிகளில் எச்.265 படத்தைத் திறக்க மைக்ரோசாஃப்ட் கடையில் தனி நீட்சி ஒன்றைச் சிறு தொகை கொடுத்து வாங்கும்படி கேட்கப்படுவது இதன் விளைவே. ஆனால், ஆப்பிள் 2017இல் வெளியிட்ட ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐபோன்கள் இயல்பாகவே எச்.265இல் படம்பிடிக்கின்றன; ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் இந்த வசதி உள்ளது. எச்.265இல் பிடித்த படத்தைத் தொகுத்துவிட்டு, மூலப்படம் போலவே எக்ஸ்போர்ட் செய்யும்படி மென்பொருளிடம் சொன்னால், எம்பி4 பெட்டிக்குள் எச்.265 போய் உட்கார்ந்துகொள்கிறது. முதல் பத்தியில் சொன்ன ஓடாத கோப்பு பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான்.

எக்ஸ்போர்ட் திரையில் தேர்ந்தெடுக்க வேண்டியவை

1. பெட்டி: எம்பி4.

2. படத்துக்கான கோடெக்: எச்.264. சில மென்பொருள்களில் ஏவிசி என்றும், எக்ஸ்264 என்றும் எழுதியிருக்கும். முதலாவது அதே முறையின் மறுபெயர், இரண்டாவது அந்த முறையில் சுருக்கும் ஒரு நிரல்.

3. புரொஃபைல், லெவல்: ‘ஹை’ புரொஃபைல், 4.0 அல்லது 4.1 லெவல். புரொஃபைல் என்பது சுருக்கும்போது எந்தெந்த உத்திகளைக் கையாளலாம் என்பதற்கான எல்லை. லெவல் என்பது விரிக்கும் கருவி நொடிக்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதற்கான எல்லை. 1080பி (1920க்கு 1080) படத்தை நொடிக்கு 30 ஃபிரேம் வரை இந்த லெவல்கள் தாங்கும். 60 ஃபிரேம் என்றால் 4.2 தேவை, 4கே படத்துக்கு 30 ஃபிரேம் என்றால் 5.1. ப்ளூரே வட்டுகளுக்கான உச்சவரம்பும் 4.1 என்பதால், வீடியோவை ஓட்டும் பழைய கருவிகள் பல அதற்கு மேல் போவதில்லை.

4. நிற ஆழம்: 8 பிட், 4:2:0 (வெளிச்சத்தை முழுதாகவும் நிறத்தைக் குறைத்தும் பதியும் முறை). எச்.264இலேயே 10 பிட் வகையும் இருக்கிறது. கணினியில் ஓடும், தொலைக்காட்சிகளில் அநேகமாக ஓடாது. பெயர் ஒன்றாக இருந்து ஆளை ஏமாற்றும் இடங்களில் இது மோசமானது.

5. அளவு: 1920க்கு 1080. பிடித்ததே 1280க்கு 720 என்றால் அதிலேயே விட்டுவிடலாம். பெரிதாக்குவதால் தெளிவு கூடாது, கோப்பின் எடைதான் கூடும்.

6. ஃபிரேம் எண்ணிக்கை: பிடித்த எண்ணிக்கையே. 30இல் பிடித்ததை 25ஆக மாற்றினால், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் துள்ளித் துள்ளி ஓடும்.

7. பிட்ரேட்: 1080பி, 30 ஃபிரேம் வரை நொடிக்கு 8 மெகாபிட். யூடியூப் தனக்கு ஏற்றப்படும் சாதாரண 1080பி படங்களுக்குப் பரிந்துரைப்பதும் இதே அளவுதான். 60 ஃபிரேம் என்றால் 12 மெகாபிட்.

8. ஒலி: ஏஏசி, 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு சேனல்), நொடிக்கு 192 கிலோபிட். ஏஏசியிலும் கிளைகள் உண்டு. ‘எல்சி’ என்று குறிப்பிட்டிருப்பதே எல்லா இடத்திலும் கேட்கும்.

4 ஜிகாபைட் என்ற சுவர்

கோடெக் எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு பென் டிரைவில் ஏற மறுப்பதுண்டு. பழைய தொலைக்காட்சிகளும் காரில் உள்ள இயக்கிகளும் ஃபேட்32 என்ற முறையில் ஒழுங்கமைத்த (ஃபார்மேட் செய்த) பென் டிரைவை மட்டுமே படிக்கின்றன. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. துல்லியமாகச் சொன்னால் உச்சவரம்பு 429 கோடியே 49 இலட்சம் பைட்டுகளுக்குச் சற்று மேல். 64 ஜிகாபைட் பென் டிரைவ் முழுவதும் காலியாக இருந்தும் ‘கோப்பு மிகப் பெரியது’ என்று கணினி சொல்வதன் பொருள் இதுதான்.

எக்ஸ்போர்ட் தொடங்கும் முன்பே இதைக் கணக்கிட்டுவிடலாம். மெகாபிட் எண்ணை வினாடிகளால் பெருக்கி எட்டால் வகுத்தால் மெகாபைட்டில் அளவு கிடைக்கும். 1 மணி 20 நிமிட வீடியோவுக்கு 4,800 வினாடி. நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 4,800 மெகாபைட், சுவரைத் தாண்டிவிட்டது. படத்துக்கு 6 மெகாபிட், ஒலிக்கு 0.192 மெகாபிட் என்று குறைத்தால் ஏறத்தாழ 3,715 மெகாபைட், அடங்கிவிடும். அட்சதைக் காட்சி கலங்கும் என்று அஞ்சுவோர் 8 மெகாபிட்டையே வைத்துக்கொண்டு, வீடியோவை வரவேற்பு, முகூர்த்தம் என்று இரண்டு கோப்புகளாகப் பிரிக்கலாம். இரண்டாவது வழியே மேல்; 80 நிமிடங்களை ஒரே மூச்சில் பார்க்கும் உறவினர்கள் குறைவு. எக்ஸ்ஃபேட் முறையில் பென் டிரைவை ஒழுங்கமைத்தால் இந்த வரம்பு நீங்கும், ஆனால் எல்லாத் தொலைக்காட்சியும் எக்ஸ்ஃபேட்டைப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

கைப்பேசிப் படத்தில் வரும் இரண்டு தொல்லைகள்

முதலாவது, ஃபிரேம் எண்ணிக்கை நிலையாக இல்லாமை. வெளிச்சம் குறைந்தாலும் கைப்பேசி சூடேறினாலும் அது நொடிக்கு 30 ஃபிரேம் என்ற கணக்கைக் கடைப்பிடிக்காமல் 28, 29 என்று இறங்கும். ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்துக்குரியது என்று கைப்பேசி எழுதிவைத்தாலும், அதைப் பொருட்படுத்தாமல் நேராக 30 என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளில் ஒலியும் உதட்டசைவும் விலகத் தொடங்கும். சராசரி 29.8 ஆகப் பதிவான 10 நிமிடத் துண்டில் 17,880 ஃபிரேம்கள் இருக்கும். அவற்றை நொடிக்கு 30 வீதம் ஓட்டினால் 596 வினாடியிலேயே படம் முடிந்துவிடும், ஒலி மட்டும் மேலும் 4 வினாடி ஓடும். ஆகவே, தொகுப்பைத் தொடங்கும் முன்பே, ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் ‘நிலையான ஃபிரேம் எண்ணிக்கை’ என்ற தேர்வுடன் துண்டுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். தொகுத்து முடித்த பிறகு எக்ஸ்போர்ட்டில் இதைச் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது, எச்டிஆர். 2020இல் வந்த ஐபோன் 12 வரிசை முதல் பல கைப்பேசிகள் விரிந்த ஒளிவீச்சில் படம்பிடிக்கின்றன. அதைச் சாதாரண 8 பிட் எச்.264க்கு மாற்றும்போது ஒளியளவை முறையாக மறுசீரமைக்காவிட்டால், பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளுத்துப்போய்ச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். திட்டத்தின் நிற அமைப்பை, சாதாரணத் திரைகளுக்கான நிறத் தரமான ‘ரெக். 709’ என்று வைத்து, ஒளியளவை மறுசீரமைக்கும் டோன் மேப்பிங் வசதியை மென்பொருளில் இயக்க வேண்டும். விழாவுக்கு முன்பே கைப்பேசியில் எச்டிஆரை அணைத்துவிடுவது இதைவிட எளிது.

தமிழ் எழுத்துகளைப் படத்தோடு பதித்துவிடுவது

பெயர்த்தலைப்பையோ வசனவரியையோ தனித் தடமாக எம்பி4இல் வைக்க முடியும். ஆனால், அதை வரையும் பொறுப்பு இயக்கும் கருவிக்குப் போய்விடுகிறது; தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் வரிசையாகக் கட்டங்கள் தோன்றும். எழுத்துரு இருந்தாலும் போதாது. யூனிகோடில் ‘செ’ என்பது முதலில் சகரமாகவும் அதன்பின் கொம்பாகவும் பதிவாகிறது. திரையில் வரையும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவர வேண்டியது கருவியின் பொறுப்பு. அதைச் செய்யாத கருவியில் ‘செல்வி’யின் கொம்பு சகரத்துக்கு வலப்பக்கம் தனியாகத் தொங்கும். எனவே தமிழ் எழுத்துகளைத் தனித் தடமாக விடாமல் படத்தின் மேலேயே பதித்து எக்ஸ்போர்ட் செய்வதே நம்பகமானது. சில தொகுப்பு மென்பொருள்களிலேயே இந்தக் கொம்புக் கோளாறு இருக்கிறது என்பதால், முன்னோட்டத்தில் ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஒருமுறைதான் சுருக்க வேண்டும்

ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டும் எதையாவது இழக்கிறது, இழந்தது திரும்புவதில்லை. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை மீண்டும் திறந்து ஒரு தலைப்பைச் சேர்த்து மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதை விட, திட்டக் கோப்பில் திருத்தி, மூலத் துண்டுகளிலிருந்து புதிதாக எடுப்பது சரியான வழி. உள்ளே எச்.264உம் ஏஏசியும் இருந்து, பெட்டி மட்டும் எம்கேவியாக இருந்தால் சுருக்கவே தேவையில்லை: எஃப்எஃப்எம்பெக் போன்ற நிரலில் தடங்களை அப்படியே நகலெடுத்துப் பெட்டியை மாற்றலாம். ஒரு மணி நேர வீடியோவுக்கும் சில நொடிகளே ஆகும், தரத்தில் ஓர் இழப்பும் இல்லை.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால், அந்தச் செயலி தன் பங்குக்கு மறுபடி சுருக்கும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் 2 ஜிகாபைட் வரையிலான கோப்பு மாறாமல் போய்ச் சேரும்.

கொடுப்பதற்கு முன் சோதனை

கணினியில் வீடியோ பார்க்க உதவும் விஎல்சி மென்பொருளில் ஓடிவிட்டது என்பதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. அது ஏறக்குறைய எல்லாக் கோடெக்குகளையும் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், எங்கும் ஓடாத கோப்பையும் ஓட்டிக் காட்டிவிடும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் பெட்டி, கோடெக், புரொஃபைல், பிட் ஆழம், ஒலி வகை எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். அதற்கும் மேலான சோதனை, கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் மிகப் பழைய தொலைக்காட்சியில் பென் டிரைவைச் செருகிப் பார்ப்பது. தொடக்கம் மட்டும் பார்த்தால் போதாது. நடுவில் ஓரிடத்துக்குத் தாவி, கடைசி நிமிடத்தையும் பார்த்து, யாராவது பேசும் காட்சியில் உதடும் ஒலியும் சேர்ந்து வருகின்றனவா என்று கவனிக்க வேண்டும். தவறினால், அறிகுறியே காரணத்தைக் காட்டிவிடும்:

1. பட்டியலில் கோப்பே தெரியவில்லை என்றால், பென் டிரைவின் ஒழுங்கமைப்போ பெட்டியோ காரணம்.

2. ஒலி வந்து படம் வராவிட்டால், எச்.265 அல்லது 10 பிட் உள்ளே புகுந்திருக்கிறது. அல்லது லெவல் மிஞ்சியிருக்கிறது.

3. படம் வந்து ஒலி வராவிட்டால், ஏஏசிக்குப் பதில் வேறு ஒலி வகை எழுதப்பட்டிருக்கிறது. படத்தைத் தொடாமல் ஒலித் தடத்தை மட்டும் மாற்றினால் போதும்.

4. விட்டு விட்டு ஓடினால், பிட்ரேட்டோ ஃபிரேம் எண்ணிக்கையோ அந்தக் கருவிக்கு அதிகம். அல்லது பென் டிரைவே மெதுவானது. வேறொரு பென் டிரைவில் நகலெடுத்துப் பார்த்த பிறகே மறு எக்ஸ்போர்ட்டுக்குப் போகலாம்.